சீட்டுக் கட்டும் சிறுவர் கணக்கும்

கணக்கு என்னும் சொல்லைக் கேட்டவுடனே முகம் வாடும் குழந்தைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. ஆயின், வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியேறிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு இந்த வாட்டம் இரு மடங்காக வந்து சேர்கிறது. வீட்டில் ஒரு மொழியில் எண்ணிப் பழகிய குழந்தை, பள்ளியில் வேறொரு மொழியில் எண்ண வேண்டியிருக்கிறது. பாடப் புத்தகமோ மூன்றாவது மொழியில் பேசுகிறது. குழந்தை தடுமாறும்போது, அது தடுமாறுவது எண்ணிலா, எண்ணின் பெயரிலா என்று பிரித்தறிய யாருக்கும் நேரம் இருப்பதில்லை. “கணக்கு வராத பிள்ளை” என்னும் பட்டம் மட்டும் எளிதில் கிடைத்துவிடுகிறது. அத்தகைய பட்டத்தைச் சுமந்து வந்த ஒரு குழந்தைக்கு எங்கள் வீட்டில் சாதாரணச் சீட்டுக் கட்டு ஒன்று செய்த உதவியையும், அதைப் பற்றிப் பின்னர் நாங்கள் படித்தறிந்தவற்றையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாங்கள் ராணிப்பேட்டைப் பக்கத்தவர்கள். பிழைப்பின் பொருட்டுச் சித்தூரில் ஆறாண்டுகள் குடியிருந்து, பிறகு திருப்பதிக்கு வந்து சேர்ந்தோம். காட்பாடியில் ரயில் ஏறினால் சித்தூர், பாகாலா, சந்திரகிரி என்று சில மணி நேரப் பயணந்தான்; தொலைவு பெரிதன்று. சித்தூர் நகரமே 1911-இல் தனி மாவட்டம் அமையும் வரையில் வட ஆற்காட்டு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1960-இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. ஆதலின் இப்பக்கத்துக் கடைத்தெருக்களில் இரு மொழியும் கலந்தே ஒலிக்கும். பெரியவர்களாகிய நமக்கு இதனால் குறையொன்றுமில்லை. காய்கறிக் கடையில் தெலுங்கில் விலை கேட்டு, மனத்துக்குள் தமிழில் கூட்டி, ஆங்கிலத்தில் எழுதிவைத்துக் கொள்கிறோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அவ்வளவு எளிதன்று.

தெலுங்கு எண்ணுப் பெயர்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு, ஏடு, எனிமிதி, தொம்மிதி, பதி. நம் பேச்சுத் தமிழின் ரெண்டும் நாலும் ஆறும் இதில் அப்படியே இருக்கின்றன. ஆகையால் குழந்தை முதலில் துணிவு கொள்கிறது. ‘மூடு’ என்று வரும்போது, எதை மூடுவது என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். எட்டும் ஒன்பதும் தமிழில் ஒன்றோடொன்று சற்றும் ஒட்டாத சொற்கள். தெலுங்கிலோ எனிமிதியும் தொம்மிதியும் ஓசையில் உடன்பிறந்தவை போல் வருகின்றன. பழகாத செவிக்கு இரண்டையும் பிரித்துக் கொள்வது கடினம். இவை போதாவென்று ஆங்கிலம், பத்துக்கு மேற்பட்ட இரண்டு எண்களை ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்று, உள்ளே பத்து இருப்பதே தெரியாதபடி மறைத்து வைத்திருக்கிறது.

எங்கள் இளைய மகன் யு.கே.ஜி. வகுப்பில் படித்தபோது நிகழ்ந்தது இது. பள்ளியிலிருந்து எங்களை அழைத்து, “இவனுக்கு எட்டு பெரிதா, ஒன்பது பெரிதா என்பதே தெரியவில்லை, இன்னும் ஓராண்டு இதே வகுப்பில் இருக்கட்டும்” என்றார்கள். வகுப்பில் குழந்தைகள் பலர். ஒவ்வொருவரையும் தனித்து ஆராய ஆசிரியைக்கு ஏது பொழுது? அவரை நாங்கள் குறை கூறவில்லை. எனினும் வீடு திரும்பும் வழியெல்லாம் எங்கள் மனம் கனத்திருந்தது. ஓராண்டு போவது பெரிதன்று. ‘நான் மந்தம்’ என்று ஒரு குழந்தை ஐந்து வயதிலேயே நம்பிவிட்டால் அந்த நம்பிக்கையைப் பின்னர் யாரால் அகற்ற இயலும்?

அந்நாளில் ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க எங்கள் அன்னையார் வந்திருந்தார். மழையால் பிள்ளைகள் வெளியே போக இயலாத ஒரு விடுமுறை நாளில், மூத்த மகள் எங்கிருந்தோ ஒரு சீட்டுக் கட்டை எடுத்து வந்தாள். அன்னையாருக்கு அது பிடிக்கவில்லை. “சீட்டைத் தொட்ட குடும்பம் உருப்பட்டதாகக் கேட்டதுண்டா? தருமரே சூதாடி நாட்டை இழந்தார்” என்றார். அவர் அச்சம் நியாயமானதே. திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆந்திர அரசின் 1974-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 2020-இல் இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையும் தடுக்குமாறு திருத்தப்பட்டது. ஆனால் தீமை பணயத்தில் இருக்கிறதேயன்றி அட்டையில் இல்லை. நம் நாட்டில் கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகள் வழங்கின. அவற்றுள் தசாவதாரக் கட்டு என்பது மச்சம் முதல் கல்கி வரை பத்து அவதாரங்களுக்குப் பத்து வரிசையும், வரிசைக்குப் பன்னிரண்டு சீட்டுமாக 120 சீட்டுகள் கொண்டது. இதைச் சொன்னவுடன், “பெருமாள் பெயரைச் சொல்லி என்னையும் இழுத்துவிட்டீர்கள்” என்று சிரித்துக்கொண்டே பாயில் அமர்ந்தார். காசு மட்டும் கண்ணில் படக்கூடாது என்று விதித்தார். அவ்விதி இன்றும் எங்கள் வீட்டில் மாறவில்லை.

ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய பன்னிரண்டு சீட்டுகளையும் நீக்கிவிட்டால் ஒன்று முதல் பத்து வரை நாற்பது சீட்டுகள் எஞ்சும். ‘ஏஸ்’ என்பதை ஒன்றாகக் கொள்ளலாம். இருவர் ஆளுக்கு இருபதாகப் பிரித்துக் கவிழ்த்து வைத்துக் கொள்கிறார்கள். இருவரும் ஒரே வேளையில் மேற்சீட்டைத் திருப்ப வேண்டும். எண்ணைச் சொல்ல வேண்டும். பெரிய எண் வைத்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சமமாக வந்தால் இன்னொரு சீட்டு. நான்கு வயதுக் குழந்தையாயின் ஐந்துக்கு உட்பட்ட இருபது சீட்டுகளே போதும். ஆட்டம் இவ்வளவே. இதில் திறமைக்கு இடமில்லாதது ஒரு குறைபோல் தோன்றும். உண்மையில் அதுவே இதன் சிறப்பு. பாட்டி வெல்வதும் பேரன் வெல்வதும் சீட்டு விழும் வகையைப் பொறுத்தது. ஆகையால் தோற்ற குழந்தைக்கு ‘எனக்கு அறிவில்லை’ என்னும் நாணம் வருவதில்லை. ஆனால் யார் பெற்றார் என்று தீர்ப்புச் சொல்ல ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களை ஒப்பிட்டே தீரவேண்டும். ஒரு சுற்றுக்குள் இருபது ஒப்பீடுகள்! அத்தனையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னால் எந்தக் குழந்தை இசையும்?

இந்த ஆட்டத்தின் முதல் நாளிலேயே எங்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பாட்டி எட்டைத் திருப்பினார். பேரன் ஒன்பதைத் திருப்பினான். “ஆயா, சீட்டு எனக்கு! உன்னுடையதைவிட ஒன்று கூட இருக்கிறது” என்று இரண்டையும் வாரிக்கொண்டான். எட்டுக்கும் ஒன்பதுக்கும் வேறுபாடு தெரியாதவன் என்று பெயர் வாங்கிய பிள்ளை, எது பெரிது என்பதோடு எவ்வளவு பெரிது என்பதையும் சொல்லிவிட்டான். அவனிடம் குறைந்திருந்தது எண்ணன்று. எனிமிதி, தொம்மிதி என்னும் இரண்டு சொற்களே. அன்று இரவு எங்கள் மனச்சுமை பாதி இறங்கிற்று.

எண்ணின் அளவை உள்ளத்தால் உணர்வதை அறிஞர்கள் எண்ணுணர்வு என்பார்கள். ஒன்று, இரண்டு என்று பாட்டுப்போல் நூறு வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு இவ்வுணர்வு இருந்தே தீரும் என்பதில்லை. 1871-இல் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு பெட்டியில் அவரைக் கொட்டைகளை வீசி, எத்தனை விழுந்தன என்று ஒரே பார்வையில் சொல்லிப் பழகிப் பார்த்தார். மூன்று, நான்கு வரையில் அவர் தவறவேயில்லை. ஐந்திலிருந்து பிழை தலைகாட்டியது. நான்குக்கு மேல் கண்ணால் அறிய வேண்டுமாயின் சிறு கூட்டங்களாகப் பிரித்துக் காண வேண்டும். நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தவுடன் ‘பசு’ என்று அள்ளுவது இத்தகைய பார்வைப் பழக்கமே. சீட்டில் இந்தப் பிரிவு இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஒன்பதில் பக்கத்துக்கு நான்கும் நடுவில் ஒன்றும் இருக்கும். பத்தில் நடுவில் இரண்டு. ஆறு என்பது மூன்றும் மூன்றும். அதன் நடுவில் ஒன்று சேர்ந்தால் ஏழு. ஆடிய சில நாட்களில் குழந்தை எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்குகிறது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. சீட்டின் இரு மூலைகளிலும் எண்ணுருவுக்குக் கீழே ஒரு சிறிய ஆட்டின் அல்லது ஸ்பேட் குறி அச்சிட்டிருக்கும். விரல் வைத்து எண்ணும் குழந்தை அவ்விரண்டையும் சேர்த்து எண்ணி, ஐந்தை ஏழு என்று சொல்லும். இதனைத் தவறென்று அதட்டலாகாது. அது கண்டதையெல்லாம் ஒழுங்காக எண்ணியிருக்கிறது. பழைய கலியாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் புறத்தில் ஒட்டுப் பொட்டுகளை ஒட்டி நாமே சீட்டுச் செய்துவிட்டால் இவ்விடர் தீரும். அப்படிச் செய்யும்போது பொட்டே இல்லாத ஒரு சீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைக் கட்டில் சுழிக்கு இடமில்லையல்லவா? ஒன்றுமில்லாததும் ஓர் எண்தான் என்பதைக் குழந்தை அச்சீட்டால் அறிந்துகொள்ளும்.

அடுத்தது வரிசை ஆட்டம். நான்கு ஐந்துகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துவிட்டு, மற்றவற்றைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தின் இடப்பக்கம் நான்கு, அதற்கு அப்பால் மூன்று. வலப்பக்கம் ஆறு, பின்பு ஏழு என்று அந்தந்த இனத்தில் அடுத்த சீட்டு வைத்திருப்பவர் இறக்கலாம். இல்லாதவர் முறையை விடவேண்டும். முடிவில் ஒன்று முதல் பத்து வரை நான்கு நேர்வரிசைகள் பாயில் விரிந்து கிடக்கும். எண்கள் நேர்கோட்டில் நிற்பதைக் காண்பது மிகுந்த பயன் தருவது என்பதற்குச் சான்று உண்டு. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்னும் இருவர் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. ஒன்று முதல் பத்து வரை கட்டங்கள் நேராக அமைந்த பலகையில் காய் நகர்த்தி மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆடிய குழந்தைகள் எண்களை ஒப்பிடுவதில் முன்னேறினர். ஒன்பது வாரங்கள் கழித்தும் அம்முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணம் தீட்டிய பலகையில் ஆடியவர்களுக்கு அப்பயன் கிட்டவில்லை. பின்னர் ரமணியும் அவரோடு பணியாற்றியோரும் நாம் மேலே கண்ட பெரிய சீட்டு ஆட்டத்தைப் போன்ற ஒன்றையும் ஆய்ந்து, அதுவும் ஒப்பிடும் திறனை வளர்ப்பதாகக் கண்டனர்.

மூன்றாவது, பத்துச் சேர்க்கும் ஆட்டம். சீட்டுகளை மல்லாத்திப் பரப்பி, இரண்டு சேர்ந்து பத்தாகும் இணைகளைப் பொறுக்க வேண்டும். ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நான்கும் ஆறும், ஐந்தும் ஐந்தும். பத்து தனியே எடுக்கப்படும். சீட்டு ஒன்றும் குறையாதிருந்தால் இருபத்திரண்டு பத்துகள் சேர்ந்து பாய் வெறுமையாகும், கூட்டினால் 220. ஒருநாள் ஆட்ட முடிவில் ஒரு சீட்டு எஞ்சி நின்றது. எங்கள் மகன் சிறிது நேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “ஆயா, ஏழு ஒன்று தொலைந்துவிட்டது, இந்த மூன்றுக்குத் துணை இல்லை” என்றான். கட்டிலுக்கடியில் தேடியபோது அந்த ஏழு கிடைத்தது. காணாத ஒன்றைக் கணக்கினால் கண்டுபிடித்த அந்த மகிழ்ச்சிக்கு நிகராக நாங்கள் எந்தப் பரிசைக் கொடுத்திருக்க முடியும்?

இவ்வளவும் கூறிய பின், ஆடினால் மட்டும் போதும் என்று எண்ணிவிடலாகாது. தில்லியில் பிரதம் நிறுவனம் நடத்திய 214 பாலர் பள்ளிகளில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு, எலிசபெத் ஸ்பெல்கியும், பின்னர் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களும் நடத்திய ஆராய்ச்சி 2017-இல் வெளியாயிற்று. நான்கு திங்கள் கணக்கு விளையாட்டுகள் ஆடிய அக்குழந்தைகளின் எண்ணுணர்வு வளர்ந்தது. ஓராண்டு கழிந்தும் குன்றவில்லை. ஆயின் தொடக்கப் பள்ளியில் எண்ணுருவும் எண்ணுப் பெயரும் கொண்டு நடத்தும் கணக்கில் அவர்கள் மற்றவர்களை முந்தவில்லை. உள்ளத்தில் உள்ள அளவுக்கும், பள்ளி வழங்கும் சொல்லுக்கும் குறிக்கும் இடையே யாரேனும் பாலம் கட்டித் தரவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம். நம் குழந்தைகளுக்கு அந்தப் பாலம் மூன்று மொழிகளின்மேல் செல்ல வேண்டியிருக்கிறது. இதற்கும் சீட்டே துணை புரிகிறது. பொட்டுகள் எம்மொழியும் பேசுவதில்லை. மூலையில் உள்ள 7 என்னும் உருவோ தமிழுக்கும் தெலுங்குக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவாகிவிட்டது. அளவும் குறியும் ஒரே அட்டையில் குழந்தையின் கையில் இருக்க, பெயரை மட்டும் நாம் சேர்க்க வேண்டும்.

நாங்கள் செய்த ஏற்பாடு எளியது. முதற் சுற்றில் எண்களைத் தமிழில் சொல்ல வேண்டும், இரண்டாம் சுற்றில் தெலுங்கில், மூன்றாவதில் ஆங்கிலத்தில். தெலுங்குச் சுற்றுக்கு எதிர்வீட்டுச் சிறுமி வந்து சேர்ந்தாள். எங்கள் அன்னையாரை அவள் “அவ்வா” என்பாள். எங்கள் மகன் “ஆயா” என்பான். அவன் எனிமிதி என்று சொல்லி ஒன்பதை இறக்கினால், அவள் விடமாட்டாள். மூன்று திங்களில் அவன் தெலுங்கு எண்களில் தடுமாறுவது நின்றது. அவளோ நம் மொழியில் இருபது வரை எண்ணக் கற்றுக்கொண்டாள். கோடை விடுமுறைக்கு முன் பள்ளிக்குச் சென்று, மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்க்குமாறு வேண்டினோம். ஆசிரியை மனமுவந்து இசைந்தார். எண்களை எழுதிக் காட்டியும், தெலுங்கில் சொல்லியும் கேட்டார். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தபோது எங்கள் மகன் முதல் வகுப்பில் அமர்ந்தான்.

பின்னர் வேறொரு முடிச்சு வந்தது. அது நம் மொழியிலேயே உள்ளது. எண்பதுக்குப் பின் வருவது தொண்ணூறு. அப்பெயருக்குள் நூறு ஒலிக்கிறது. எண்ணூறுக்குப் பின் தொள்ளாயிரம். அதற்குள் ஆயிரம் ஒலிக்கிறது. தெலுங்கில் தொம்பை, தொம்மிதி வந்தலு என்று ஒன்பதின் பெயரே தொடர்கிறது. ஆகவே தமிழில் எண்ணும் குழந்தை தொண்ணூற்று நான்கை நூற்று நான்கு என எழுதுவதில் வியப்பில்லை. இதற்கு இரட்டைச் சீட்டு ஆட்டம் உதவும். பத்துகளை நீக்கிவிட்டு ஆளுக்கு இரண்டு சீட்டு எடுத்து, அருகருகே வைத்துப் பெரிய எண்ணை அமைக்க வேண்டும். மூன்றும் எட்டும் வந்தால் 38 அன்று, 83 என்று வைப்பவனே வெல்வான். ஒன்பதும் நான்கும் வந்தால் 94 கண்ணெதிரே இரண்டு சீட்டாய் நிற்கும். நூறென்று எழுத மூன்றாம் சீட்டு அங்கே இல்லை. இதில் எங்கள் மகன் இன்னும் தேறிவருகிறான்.

அட்டையைக் கொண்டு கணக்குக் கற்பிப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலியில், பத்மநாப ராவ், ராமா என்னும் தம்பதியர், ஓராசிரியர் பல வகுப்புகளை நடத்தும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பகுத்தனர். எவ்வட்டைக்குப் பின் எது என்பதை ஓர் ஏணி காட்டும்; குழந்தை தன் படிக்குரிய படக்குறி கண்டு அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்போது அவ்விடம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து கற்றுச் சென்ற முறையே 2003-இல் எம். பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் செயல்வழிக் கற்றல் என்னும் பெயரால் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பரவியது. 2022-இல் அங்கே எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் வந்தது. தெலுங்குச் சிற்றூர்க் குழந்தைக்காக வரைந்த அட்டை தமிழ்க் குழந்தையின் கைக்கும் வந்து சேர்ந்த வரலாறு, இரு மொழிக்கும் இடையே வாழும் நமக்கு இனிமையானதன்றோ?

முடிவாக, இம்முறையைக் கையாள விழையும் பெற்றோர்க்குச் சில வேண்டுகோள்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வேண்டா. குழந்தை இன்னும் ஆட விரும்பும்போதே கட்டை எடுத்து வைத்துவிடுங்கள். விடையை நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். தயங்கும் குழந்தை பொட்டுகளை எண்ணிக்கொள்ளட்டும். பெயர் தவறினால், “எத்தனை பொட்டு?” என்று கேளுங்கள், அளவு சரியாயிருப்பின் அதனைப் பாராட்டிவிட்டுப் பெயரைத் திருத்துங்கள். காசோ, காசுக்கு ஈடான பொருளோ பாயில் வரலாகாது. வீட்டில் முதியவர் இருப்பின் அவரையே முதலில் அமர்த்துங்கள். அவருக்குப் பொழுதும் பொறுமையும் உண்டு, தமிழ் எண்களும் அவர் வாயில் பிழையின்றி வரும். நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் வேளையில், ஒரு மூலையில் பாய் விரித்து நான்கைந்து கட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. வரும் கூட்டத்துக்குப் பத்திரிகை அட்டையில் பொட்டு ஒட்டிய இரண்டு கட்டுகளை நாங்கள் கொண்டுவருகிறோம். மற்றவர்களும் ஆளுக்கொன்று செய்து வருவார்களாயின் நம் குழந்தைகள் அனைவருக்கும் போதும்.